400 கி.மீ. பி.ஆர்.எம். கயத்தாறில் நின்றுபோனது: சிறுநீரகக் கல் திரும்ப வராமலிருக்க என்ன செய்கிறீர்கள்?

வைகைக்கரை ஓட்டுநர், மதுரை:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக நெடுந்தூர சைக்கிள் ஓட்டி வருகிறேன், வயது 43. இந்தப் பருவத்தில் 200, 300 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த அவகாசத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) இரண்டையும் உரிய நேரத்துக்குள் முடித்திருந்தேன். மார்ச்சில் 400, ஏப்ரலில் 600 என்று முடித்துவிட்டால் எஸ்.ஆர். (சூப்பர் ராண்டனர்: ஒரே பருவத்தில் இந்த நான்கு தூரங்களையும் முடித்தவர்) பட்டம் கைக்கு வந்துவிடும், அதன்பின் 2027 ஆகஸ்டில் பிரான்சில் வரவிருக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1,200 கி.மீ. பயணத்துக்கு நிதானமாகத் தயாராகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். 6 மி.மீ. அளவுள்ள ஒரு கல் அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது.

மதுரையிலிருந்து வள்ளியூர் வரை சென்று அதே சாலையில் திரும்புவதுதான் வழித்தடம்; அவகாசம் 27 மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பிப் பிற்பகல் மூன்றரை மணியளவில் வள்ளியூரைத் தொட்டேன். திரும்பும்போது திருநெல்வேலியில் முழங்கால் வலித்ததால், உடன் வந்த நண்பரிடம் டைக்லோஃபினாக் என்ற வலி மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கயத்தாறை நெருங்கும்போது இரவு 8 மணி இருக்கும். இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, உள்ளே எதையோ பிடித்துத் திருகுவது போல ஒரு வலி எழுந்தது. இருக்கையின் உயரம் சரியில்லை என்று நினைத்து, சாலையோரத் தேநீர்க் கடை வெளிச்சத்தில் அலன் சாவியை எடுத்து இருக்கையை அரை அங்குலம் இறக்கிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அடுத்த ஐந்து நிமிடத்தில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, பெஞ்சில் சுருண்டு படுத்தும் பயனில்லை. வலி அடிவயிற்றுக்கு இறங்கித் தொடை இடுக்கில் வந்து நின்றது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "இது வாயுப் பிடிப்பு இல்ல சார், எங்க அண்ணனுக்கு இப்படித்தான் கல்லு இறங்குச்சு" என்றார். மருத்துவர் எவரும் பார்ப்பதற்கு முன்பே நோயைச் சரியாகச் சொன்னவர் அவர்தான்.

அன்றிரவே மருத்துவமனையில் சேர்ந்தேன். சி.டி. ஸ்கேனில் இடது சிறுநீர்க்குழாயில் 6 மி.மீ. கல் ஒன்றும், அதே பக்கச் சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 4 மி.மீ. கல் இன்னொன்றும் தெரிந்தன. பத்து நாள் மாத்திரை சாப்பிட்டும் குழாயில் இருந்த கல் இறங்காததால், உள்நோக்கிக் கருவி வழியாக லேசர் கொண்டு உடைத்து எடுத்து, டி.ஜே. ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய் அடைபடாமலிருக்கத் தற்காலிகமாக உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) ஒன்றை வைத்தார்கள். அந்த ஸ்டென்ட் இருந்த இரண்டு வாரமும் சைக்கிளில் ஏறுவது இருக்கட்டும், நாற்காலியில் குனிந்து செருப்பு மாட்டுவதே பெரும்பாடாக இருந்தது. சற்று வேகமாக நடந்தால்கூடச் சிறுநீர் சிவந்துவிடும். 600 கி.மீ. பயணம் நடந்த அன்று நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நண்பர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பழக்கங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று 14 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 லிட்டர் குடித்திருப்பேன். சிறுநீர் கழித்தது இரண்டே முறை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழு உடல் பரிசோதனையில் சிறு கல் இருப்பதாகத் தெரிந்தபோது, கால்சியத்தைக் குறைக்கச் சொல்லி அங்கிருந்த ஒருவர் அறிவுறுத்தியதால், அன்றிலிருந்து பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டேன். பயிற்சிக் காலத்தில் தினமும் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு, சளி பிடிக்காமலிருக்க 1,000 மி.கி. வைட்டமின் சி மாத்திரை, பயிற்சி முடிந்ததும் புரதப் பொடி ஆகியவை உண்டு. சட்டைப் பையில் எப்போதும் கோவில்பட்டி கடலை மிட்டாய் இருக்கும்.

இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொல்கிறார் மருத்துவர். உப்பு இல்லாமல் 400 கி.மீ. ஓட்டினால் சாலையிலேயே விழுந்துவிடுவாய் என்கிறார் பயிற்சியாளர். தக்காளி ஆகாது என்கிறார் அம்மா. எவ்வளவு நீர் குடிப்பது, உப்பு விஷயத்தில் யார் சொல்வதைக் கேட்பது, எஞ்சியிருக்கும் 4 மி.மீ. கல்லை வைத்துக்கொண்டு நவம்பரில் 200 கி.மீ. பயணத்தில் கலந்துகொள்ளலாமா என்பவையே என் கேள்விகள். இந்த வழியைக் கடந்து வந்தவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.


நொய்யல் ஓரம், கோவை:

வணக்கம் நண்பரே. எனக்கு 2014-இல் ஒரு முறையும் 2019-இல் ஒரு முறையும் கல் வந்தது. முதல் கல் தானாக இறங்கியது. இரண்டாவதுக்கு உங்களைப் போலவே ஸ்டென்ட் வரை போனேன். அதன்பின் ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் எடுத்து வருகிறேன், புதிய கல் எதுவும் இல்லை. எனவே நான் மருத்துவன் அல்லன் என்றாலும், அடிபட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் 7 லிட்டர் குடித்த கணக்கை எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் குடித்ததையே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை என்னைப் பார்த்த மருத்துவர், "எவ்வளவு குடித்தீர்கள் என்பது எனக்குத் தேவையில்லை, எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்து சொல்லுங்கள்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஒரு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, பக்கவாட்டில் நூறு மி.லி.க்கு ஒரு கோடு போட்டுக் குளியலறையில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அளந்தேன். அன்று காலை மூன்று மணி நேரம் ஓட்டியிருந்தேன், நான்கரை லிட்டருக்கு மேல் குடித்திருந்தேன், கழித்ததோ 900 மி.லி. மட்டுமே. அலுவலகம் செல்லும் நாள் இதைவிடச் சற்றே மேல். கல் வந்தவர்கள் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டராவது கழிக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட நிலையில், நான் மூன்றில் ஒரு பங்கில் ஐந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தேன்.

நம் ஊர் வெயிலில் குடிப்பது எல்லாம் வியர்வையாகத்தான் முதலில் போகிறது. மிச்சம் இருந்தால்தான் சிறுநீரகத்துக்கு. உங்கள் வியர்வை எவ்வளவு என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும், ஈர உடைகளைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டு, இடையில் குடித்ததையும் கூட்டினால் உங்கள் வியர்வையின் அளவு கிடைத்துவிடும். எனக்கு டிசம்பர் அதிகாலையில் மணிக்கு 600 மி.லி., ஏப்ரல் பகலில் 1.3 லிட்டர். இரண்டுக்கும் ஒரே திட்டம் வைத்திருந்ததுதான் என் முட்டாள்தனம்.

அதற்காகப் பயணத்தின்போதே எல்லாவற்றையும் ஈடுகட்ட முயல வேண்டாம், வயிறு தாங்காது. இதில் பலரும் கோட்டை விடும் இடம் பயணம் முடிந்த பிறகு வரும் 12 மணி நேரம். 27 மணி நேரம் கண் விழித்து ஓட்டிவிட்டு வந்து, இரண்டு பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணி நேரம் அடித்துப் போட்டது போலத் தூங்குவோம். உடலில் நீரே இல்லாத நிலையில் தொடங்கும் அந்தத் தூக்கத்தில்தான் சிறுநீர் மிகக் கெட்டியாகிறது. இப்போதெல்லாம் பயணம் முடிந்ததும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வரை, மூன்று நான்கு மணி நேரத்தில் பிரித்துக் குடித்து, ஒரு முறையாவது வெளிறிய நிறத்தில் சிறுநீர் போன பிறகே படுக்கிறேன். சாதாரண நாட்களிலும் இரவில் ஒரு முறை எழும் அளவுக்குப் படுக்கும் முன் குடிக்கிறேன். தூக்கம் கெடுகிறது என்பது உண்மைதான். ஸ்டென்ட் அதைவிட அதிகமாகக் கெடுத்தது.

இன்னொன்று: வழியில் நம் நேரத்தைப் பதிவு செய்யும் சோதனைச் சாவடிகளில் நேரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று சிறுநீர் கழிக்க நிற்காமலே இருப்பதும், நிற்க வேண்டியிருக்குமே என்று குடிக்காமலே இருப்பதும் நம்மிடையே உள்ள பழக்கம். நம்முடன் ஓட்டும் பெண்களுக்கு இது பழக்கம்கூட அல்ல, நெடுஞ்சாலையில் சுத்தமான கழிப்பறை இல்லாததால் வரும் கட்டாயம். வழித்தடம் போடுகிறவர்கள் இதைக் கருத்தில் கொண்டு, கழிப்பறை நன்றாக உள்ள பெட்ரோல் நிலையங்களைச் சாவடியாக வைத்தால் புண்ணியமாகப் போகும்.


பழைய ஓட்டக்காரர், தஞ்சாவூர்:

தம்பிக்கு வணக்கம். எனக்கு 62 வயது, இன்றும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் கல் வந்து போயிருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் குடிநீர், கொள்ளு வேகவைத்த தண்ணீர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டால் கல் கரைந்துவிடும் என்பது எங்கள் அனுபவம். தக்காளி விதையும் கத்தரிக்காயும் ஆகவே ஆகாது. பீர் குடித்தால் கல் அடித்துக்கொண்டு வெளியே வரும் என்று சில இளைஞர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதுபற்றி மருத்துவ நண்பர்கள் யாராவது இருந்தால் விளக்கினால் நன்று.


சிறுநீரியல் மருத்துவர், திருச்சி:

மேலே கேட்கப்பட்டவற்றுக்கு என்னால் இயன்றவரை விடை எழுதுகிறேன். உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவே இறுதியானது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கற்களில் பெரும்பாலானவை, ஏறத்தாழ நான்கில் மூன்று, கால்சியம் ஆக்ஸலேட்டால் ஆனவை. கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் வற்ற வற்ற ஒரு கட்டத்தில் பாகு இறுகிவிடுகிறது. சிறுநீரிலும் நீர் குறையும்போது கால்சியமும் ஆக்ஸலேட்டும் கரைந்திருக்க இடமின்றிப் படிகமாகின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பது சிறுநீரில் உள்ள சிட்ரேட் என்ற பொருள். எனவே நீரையும் சிட்ரேட்டையும் கூட்டுவது, கால்சியமும் ஆக்ஸலேட்டும் சிறுநீரில் அளவுக்கு மீறி இறங்காமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் தடுப்பு. கல் வந்தவர்கள் எதுவும் செய்யாமல் விட்டால், பத்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறுபடியும் வருகிறது. இத்தாலியில் போர்கி குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் கல் வந்தவர்களில் நீரை அதிகரித்த பிரிவினருக்கு ஐந்து ஆண்டுகளில் 12 விழுக்காட்டினருக்கே மீண்டும் கல் வந்தது. மற்ற பிரிவில் அது 27 விழுக்காடு. கோவை நண்பர் பாட்டிலை வெட்டி அளந்ததைப் படித்து மகிழ்ந்தேன். என் நோயாளிகளில் பத்தில் ஒருவர்கூட அதைச் செய்வதில்லை.

பாலையும் தயிரையும் நிறுத்தச் சொன்ன அறிவுரைதான் நீங்கள் எழுதியவற்றில் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. கால்சியம் இல்லாதபோது அந்த ஆக்ஸலேட் கூடுதலாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வருகிறது. அதே போர்கி குழுவினர் 2002-இல், சிறுநீரில் கால்சியம் அதிகமாக இறங்கும் 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கால்சியம் குறைந்த உணவும், மற்றொன்றுக்கு வழக்கமான கால்சியத்துடன் உப்பும் இறைச்சியும் குறைந்த உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகளில் முதல் பிரிவில் 38 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 20 விழுக்காட்டினருக்கும் கல் திரும்பியது. நீங்கள் பாலை நிறுத்திவிட்டுப் பீட்ரூட் சாறும் வேர்க்கடலையும் வைட்டமின் சி-யும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பீட்ரூட்டில் ஆக்ஸலேட் மிகுதி. வேர்க்கடலையிலும் ஓரளவு உண்டு. அதிக அளவில் எடுக்கும் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி உடலுக்குள் ஆக்ஸலேட்டாக மாறுகிறது, அந்த மாத்திரைகளை எடுத்துவந்த ஆண்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததைச் சுவீடனில் நடந்த ஆய்வொன்று காட்டியது. கல் உருவாக வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, தடுக்கக்கூடிய ஒன்றை மட்டும் விலக்கியிருந்தீர்கள். மாத்திரையை நிறுத்துங்கள், தினசரி பீட்ரூட் சாற்றை விடுங்கள், பசலைக்கீரையை அளவோடு கொள்ளுங்கள். கடலை மிட்டாயை அடியோடு கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேளைக்கு ஒரு துண்டு போதும், அன்று ஒரு குவளை மோரும் குடியுங்கள்.

தக்காளியைப் பற்றிய அச்சம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் உண்டு. அதில் ஆக்ஸலேட் மிகக் குறைவு. விதைக்கும் கல்லுக்கும் தொடர்பில்லை. தஞ்சை ஐயா சொன்ன வாழைத்தண்டு பொட்டாசியமும் நாரும் நிறைந்த நல்ல காய்தான், பொரியலாகச் சாப்பிடுங்கள். ஆனால் உருவாகிவிட்ட கால்சியம் ஆக்ஸலேட் கல்லை எந்தச் சாறும் கரைக்காது. மருந்தால் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல். அதுவும் சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டி, வாரக்கணக்கில் கண்காணித்துச் செய்ய வேண்டியது. சாறு குடித்துக் கல் போனது என்பவர்களில் பெரும்பாலோருக்கு 5 மி.மீ.க்கும் குறைந்த கல்லே இருந்திருக்கும். அது தானாகவே இறங்கும் வகையைச் சேர்ந்தது. சாறு குடிக்கிறோம் என்று ஸ்கேன் எடுக்காமல் இருந்து, அடைப்பு நீடித்து, சிறுநீரகமே செயலிழந்த நிலையில் வருகிறவர்களையும் பார்த்திருப்பதால் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடுத்து அந்த டைக்லோஃபினாக். கல் வலிக்கு மருத்துவமனையில் நாங்களே கொடுக்கும் மருந்துதான் அது. ஆனால் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக வெயிலில் ஓட்டி, நீர் வற்றிய நிலையில் இருக்கும் சிறுநீரகம், தனக்குள் இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்க நம்பியிருக்கும் அமைப்பையே அந்த மாத்திரை முடக்குகிறது. ஒரே கட்டத்தில் 80 கி.மீ. ஓடும் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் அதே வகை வலி மருந்தான இப்யூப்ரூஃபனை வைத்து நடத்திய ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி இரத்தத்தில் தென்பட்டது. முழங்கால் வலித்தால் பாராசிட்டமால் எடுங்கள், அல்லது நின்றுவிடுங்கள். நண்பர்களிடம் மாத்திரை வாங்கிப் போடும் வழக்கத்தை எல்லோருமே விட வேண்டும்.

உப்பைப் பொறுத்தவரை உங்கள் மருத்துவரும் பயிற்சியாளரும் வெவ்வேறு வேளைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். உப்பு மிகுந்தால் சிறுநீரகம் அதை வெளியேற்றும்போது கால்சியத்தையும் சேர்த்தே இழுத்துச் செல்கிறது. இது மருத்துவர் சொல்வது. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, குழப்பம், வலிப்பு, உயிராபத்து வரை போகலாம். இது பயிற்சியாளர் அஞ்சுவது. அந்த அச்சம் வெறும் கதையல்ல. 2002-ஆம் ஆண்டு போஸ்டன் மாரத்தானில் இரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. எனவே கல்லுக்குப் பயந்து பயணத்தின்போது வயிறு முட்டக் குடிக்க வேண்டாம். ஓட்டும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். கரைசலை வெறும் நீரோடு மாற்றி மாற்றிக் குடிக்கலாம். அதன் ஒரு லிட்டரில் 75 மில்லிமோல் சோடியத்துடன் 10 மில்லிமோல் சிட்ரேட்டும் இருக்கிறது என்பது உங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதல் நன்மை. குறைக்க வேண்டியது வீட்டு உப்பை: ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, கடைச் சாப்பாடு.

எஞ்சியுள்ள 4 மி.மீ. கல், சிறுநீரகத்துக்குள் அசையாமல் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தராது. இறங்கினாலும் தானாக வெளியேறவே வாய்ப்பு அதிகம். நவம்பரில் 200 கி.மீ. ஓட்டுவதற்கு அது தடையில்லை என்பது என் கருத்து. ஆனால் பிரான்சில் நடு இரவில் அது இறங்குவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். விமானிகளுக்குச் சிறு கல் இருந்தாலும் அதை அகற்றிய பின்னரே பறக்க அனுமதிப்பது பல நாடுகளில் வழக்கம். அதுபோல, 2027 தொடக்கத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, கல் வளர்ந்திருந்தால் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்னதாகவே அதை அகற்றுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். கல் வலியுடன் குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அறவே நின்றாலோ, அது நேரம் பார்த்துப் போகிற நோய் அல்ல. அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீண்ட பயணத்துக்குப் பின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது கல்லாகவே இருக்க வேண்டுமென்பதில்லை, தசைகள் சிதைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்; அதற்கும் உடனே இரத்தப் பரிசோதனை தேவை.

எடுத்த கல்லைப் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்களா? 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தீர்களா? இல்லையென்றால் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு மட்டும் ஒரு சிறப்பு வேண்டுகோள்: அந்தப் பரிசோதனையை அலுவலக நாளில் ஒரு முறையும், நீண்ட பயிற்சி நாளில் ஒரு முறையும் செய்யுங்கள்.


வைகைக்கரை ஓட்டுநர், மதுரை:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பதிலளிக்க ஐந்து வாரம் ஆகிவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும். முடிவுகளோடு வரலாம் என்று காத்திருந்தேன்.

கல் கால்சியம் ஆக்ஸலேட் என்று வந்திருக்கிறது. டாக்டர் சொன்னபடியே இரண்டு நாட்கள் சிறுநீரைச் சேகரித்தேன். பரிசோதனை நிலையத்தில் கொடுத்த ஐந்து லிட்டர் கேனைப் பார்த்ததும், "இது நிறையுமா?" என்று என் மனைவி கேட்டார். நிறையவில்லை. அலுவலகம் சென்ற நாளில் 1,150 மி.லி.; 120 கி.மீ. ஓட்டிய ஞாயிற்றுக்கிழமையில் 720 மி.லி. மட்டுமே, அதுவும் அன்று 5 லிட்டருக்கு மேல் குடித்திருந்தும்.

எனக்கு வியப்பளித்தது சோடியம்தான். ஓட்டிய நாளில், ஓ.ஆர்.எஸ். குடித்திருந்தும், சிறுநீரில் 110 மில்லிமோல்தான் இருந்தது. ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அலுவலக நாளில் 238. கால்சியம் அலுவலக நாளில் 290 மி.கி., ஓட்டிய நாளில் 190. சிட்ரேட் குறைவாக, முறையே 230, 160 மி.கி.; ஆக்ஸலேட் அதிகமாக, இரண்டு நாளும் 45 மி.கி.க்கு மேல். நான் அன்றாடம் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வது எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ, தொட்டுக்கொள்ள ஊறுகாய், இரண்டு அப்பளம், மாலையில் மிக்சர். பயணத்தின்போது குடிக்கும் உப்பைத்தான் இவ்வளவு நாளும் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. சிட்ரேட்டைக் கூட்ட மருந்துக் கடையில் நீர்க்கடுப்புக்கு விற்கும் சிரப்பை வாங்கிக் குடித்தால் போதுமா? எலுமிச்சை, இளநீர் ஆகியவற்றால் பயன் உண்டா?


சிறுநீரியல் மருத்துவர், திருச்சி:

இரண்டு நாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: ஓட்டிய நாளில் நீர் போதவில்லை, அலுவலக நாளில் நீரும் போதவில்லை, உப்பும் அதிகம். 238 மில்லிமோல் என்பது ஏறத்தாழ 14 கிராம் உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. முதலில் ஊறுகாயையும் மிக்சரையும் நிறுத்தி, மதிய உணவோடு ஒரு கிண்ணம் உப்பில்லாத தயிரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிரப் வாங்கும்போது புட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பது டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். அதில் சிட்ரேட்டோடு சோடியமும் வருகிறது, உங்களுக்கு அது வேண்டாம். பொட்டாசியம் சிட்ரேட்டே ஏற்றது, ஆனால் சிறுநீரகச் செயல்பாட்டையும் இரத்தப் பொட்டாசியத்தையும் பார்த்த பிறகு உங்கள் மருத்துவர் எழுதித் தரும் அளவில் மட்டும். எலுமிச்சை உதவும், ஒரு நாளைக்கு 120 மி.லி. சாற்றை இரண்டு லிட்டர் நீரில் கலந்து பகல் முழுவதும் குடிக்கும் முறை உண்டு, நான்கைந்து பழம் பிழிய வேண்டியிருக்கும். பல்லின் எனாமலைக் காக்க, குடித்ததும் வெறும் நீரால் வாயைக் கொப்பளியுங்கள். இளநீரும் சிட்ரேட்டைக் கூட்டுவதாகச் சிறிய அளவிலான ஆய்வு காட்டியிருக்கிறது, தாராளமாகக் குடிக்கலாம். மூன்று மாதம் கழித்து அந்தக் கேனை மறுபடியும் வாங்கி, அதே இரண்டு வகை நாட்களில் அளந்து பாருங்கள்.


நொய்யல் ஓரம், கோவை:

ஒரு சிறு குறிப்பு. நெடுஞ்சாலைக் கடைகளில் எலுமிச்சைச் சாறு கேட்டால், சைக்கிள்காரர் என்று பார்த்ததுமே அன்பு மிகுதியால் ஒரு கை உப்பைப் போட்டுவிடுவார்கள். ஓட்டும் நாளில் அது இருக்கட்டும். ஓட்டாத நாளில் காரில் போகும்போது, பிழிவதற்கு முன்பே உப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், போட்ட பிறகு எடுக்க முடியாது. நவம்பர் 200-க்கு நானும் மதுரை வருகிறேன். சாவடிக்குச் சாவடி சிறுநீரின் நிறம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் உங்களுக்கு இருப்பார்.